ஆன்டிகனியை மேடையேற்ற நான்கு வழிகள்: எந்தக் குழுவுக்கு எது பொருந்தும்?

கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்றைப் போடலாம் என்று ஒரு குழு முடிவு செய்ததுமே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: எந்த வழியில் போடுவது? நாடகம் படிக்கும் மாணவர்களும் சிறு குழுக்களை நடத்துபவர்களும் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அரிஸ்டாட்டிலைப் படித்துவிட்டுக் கதையை ஒழுங்காகச் சொன்னால் போதுமா? ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் வழியில் செய்யலாமா? ஃபிரெஞ்சுக்காரர் ஆர்த்தோ, போலந்துக்காரர் குரோட்டோவ்ஸ்கி பக்கம் போய் உடலையும் சடங்கையும் பிடித்துக்கொள்ளலாமா? இல்லை, ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் இப்போது பேசப்படும், கதையையும் பாத்திரத்தையும் மையமாக வைக்காத பின்நாடக அரங்குதான் சரியா?

எது புதியது, எது பழையது என்று பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. நான்கு வழிகளுமே பழைய கிரேக்க அரங்கைத்தான் தங்களுக்குச் சாட்சியாகக் கூப்பிடுகின்றன. அரிஸ்டாட்டில் அங்கே கதைப்பின்னலைக் கண்டார். பிரெக்ட், பார்வையாளரை நின்று யோசிக்க விடும் இடைவெளிகளைக் கண்டார். சடங்கு வழிக்காரர்கள் பலியையும் ஆவேசத்தையும் கண்டார்கள். பின்நாடக அரங்கின் கோட்பாட்டாளர் ஹான்ஸ்-தீஸ் லேமன் அங்கே நாடகம் என்ற வடிவம் உருவாவதற்கு முந்தைய ஒன்றைக் கண்டார். ஆகவே தேர்வு செய்யும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: பாடியும் ஆடியும் நாடகத்தில் பங்கேற்கும் கூட்டமான கோரஸை என்ன செய்யப் போகிறீர்கள்? மற்ற முடிவுகளில் பாதி இதற்குச் சொல்லும் பதிலிலிருந்தே வந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு சோஃபக்ளிஸின் ‘ஆன்டிகனி’யையே வைத்துக்கொள்கிறேன். அதிகம் பேர் எடுப்பதும் அதுதான். நான்கு வழிகளில் மூன்றில் இந்த நாடகமே நேரடியாகக் கையாளப்பட்டிருக்கிறது என்பது இன்னொரு வசதி.

## முதலில் அந்தப் பழைய மேடை

‘ஆன்டிகனி’ கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறியது. அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், பட்டப்பகலில், திறந்தவெளியில். பேசும் நடிகர்கள் மூன்றே பேர். அவர்களே முகமூடி மாற்றிக்கொண்டு எல்லாப் பாத்திரங்களையும் ஏற்றார்கள். பெண் பாத்திரங்களிலும் ஆண்கள்தான். கோரஸ் 15 பேர், தீப்ஸ் நகரத்து முதியவர்களாக. அவர்கள் பாடினார்கள், ஆடினார்கள்.

ஏதென்ஸில் துன்பியல் நாடகங்கள் அரங்கேறிய, டயோனிசஸ் தெய்வத்துக்கான நகர டயோனிசியா விழா நாடகத்துக்காக மட்டும் நடந்ததில்லை. பத்துக் குலங்களும் தலா 50 ஆண்கள், 50 சிறுவர்கள் கொண்ட பாடற்குழுக்களை அனுப்பின. நட்பு நகரங்கள் கட்டிய கப்பம் அரங்கில் காட்டப்பட்டது. போரில் தந்தையை இழந்த பிள்ளைகள் அணிவகுத்து வந்தார்கள். கோரஸுக்கான செலவை ஒரு பணக்காரக் குடிமகன் ஏற்றார். அதாவது அங்கே உட்கார்ந்திருந்த பலருக்குக் கோரஸில் பாடிய அனுபவம் இருந்தது. இன்றைய பார்வையாளரிடம் இல்லாதது முக்கியமாக இதுதான். நான்கு வழிகளும் இந்த இழப்பை வெவ்வேறு விதத்தில் ஈடுகட்டப் பார்க்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது?

கோரஸை முன்னமே சொல்லிவிட்டேன். அதோடு இன்னும் நான்கைப் பாருங்கள்.

நடிகர்களிடம் அந்த வழி எதைக் கேட்கிறது? வசனத் தெளிவா, தேர்ந்த உடலா, கூட்டாக மூச்சுவிடும் பழக்கமா? இரண்டாவது, ஒத்திகைக்கு எவ்வளவு காலம் உண்டு. மூன்றாவது, வரப்போகும் பார்வையாளருக்கு ஆன்டிகனியின் கதை தெரியுமா. சகோதரன் பாலினைசிஸைப் புதைக்கக் கூடாது என்று மன்னன் கிரெயோன் ஆணையிட, ஆன்டிகனி அதை மீறுகிறாள் என்ற அடிப்படையே தெரியாத அரங்கில், கதையை உடைத்துக் காட்டினால் உடைந்தது யாருக்கும் புரியாது. நான்காவது, பிரதி: எவ்வளவு மாற்றப் போகிறீர்கள், உரிமை யாரிடம் இருக்கிறது.

பழமைக்கு எது அதிக விசுவாசமானது என்பதை அளவுகோலாகச் சேர்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வழியும் பழமையைப் பற்றிச் சொல்வதில் எது உறுதியானது, எது ஊகம் என்று தெரிந்திருப்பது நல்லது. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## முதல் வழி: அரிஸ்டாட்டில், கதைப்பின்னல்

அரிஸ்டாட்டிலின் ‘கவிதையியல்’ 26 அத்தியாயங்கள் உள்ள சின்ன நூல். துன்பியலுக்கு ஆறு உறுப்புகள் என்கிறது: கதைப்பின்னல், பாத்திரம், சொல், கருத்து, இசை, காட்சி. கதைப்பின்னலே உயிர் என்றும் காட்சிக்கும் கவிஞனின் கலைக்கும் தொடர்பு மிகக் குறைவு என்றும் சொல்கிறது. இரக்கமும் அச்சமும் எழுந்து கதார்சிஸ் என்ற உணர்ச்சித் தூய்மை நிகழவேண்டும். நிலை தலைகீழாக மாறும் இடமும், தெரியாதது தெரியவரும் இடமும்தான் கதையின் மூட்டுகள்.

இந்த வழியின் பலம் தெளிவு. முதல் முறை கிரேக்க நாடகம் பார்க்கும் அரங்கில் எந்தக் காட்சி எதிலிருந்து விளைகிறது என்று பார்வையாளர் பிடித்துக்கொண்டே வருவார். வசனம் நன்றாகப் பேசும் நடிகர்கள் இருந்தால் மற்ற மூன்று வழிகளை விடக் குறைந்த காலத்தில் மேடையேற்றலாம்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, நாடகம் கிரெயோனுடையதாகிவிடும். 1,353 அடிகள் உள்ள நாடகத்தில் ஆன்டிகனி 943-ஆம் அடியோடு போய்விடுகிறாள். அப்புறம் நானூறு அடிகள் அவள் இல்லாமலே நடக்கின்றன. குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் வருவது, கிரெயோன் மனம் மாறுவது, மகனும் மனைவியும் சாவது எல்லாம் அந்தப் பகுதியில்தான். தவறு செய்து, தாமதமாக உணர்ந்து, வீழ்பவன் அவன். குழுவின் மிகச் சிறந்த நடிகையை ஆன்டிகனியாகப் போட்டுவிட்டு, கிரெயோனுக்கு யாரோ ஒருவரைப் பிடித்தால் இந்த வழி கடைசி அரைமணி நேரத்தில் உங்களைக் கைவிடும். தத்துவவாதி ஹெகல் சொன்ன விளக்கம் இங்கே கைகொடுக்கும்: இரு பக்கமும் நியாயம் உண்டு, இரண்டும் ஒருதலையானவை. அதை நம்பி இருவருக்கும் சம எடையுள்ள நடிகர்களைத் தேடுங்கள்.

இரண்டாவது செலவு கோரஸ். கோரஸை நடிகர்களில் ஒருவராகக் கருதவேண்டும் என்று அரிஸ்டாட்டிலே 18-ஆம் அத்தியாயத்தில் சொல்கிறார். ஆனால் அவர் நூலின் போக்கு முழுக்க அதற்கு எதிர்த்திசை. படித்தாலே துன்பியல் தன் வேலையைச் செய்துவிடும் என்று நினைத்தவர் அவர். அதனால் இந்த வழியில் போகும் குழுக்கள் கோரஸை நான்கு பேராக, இரண்டு பேராக, கடைசியில் ஒரு ‘முதியவராக’ச் சுருக்கிவிடுகின்றன. ஆன்டிகனி சாகப் போகும்போது கோரஸோடு மாறி மாறிப் பாடும் ஒப்பாரி வெறும் உரையாடலாகிவிடும். நாடகத்தின் உச்சமே அங்கே இருக்கிறது. அதை இழப்பது பெரிய இழப்பு.

பழமை பற்றி ஒரு எச்சரிக்கை. அரிஸ்டாட்டில் பிறந்தபோது சோஃபக்ளிஸ் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அவர் ஏதென்ஸில் பிறந்தவரும் இல்லை. ‘ஆன்டிகனி’யின் ஒரு நிகழ்வை அவர் குறையாகவே சுட்டுகிறார்: கிரெயோனின் மகன் ஹீமோன் தந்தையைக் கொல்லப் பாய்ந்து, கொல்லாமல் விடுவது துன்பியலுக்கு ஒவ்வாதது என்று 14-ஆம் அத்தியாயத்தில் எழுதுகிறார். இன்னொன்று, அரிஸ்டாட்டில் விதி என்று நாம் கேள்விப்படுவதில் பல அவருடையவையே அல்ல. இட ஒருமையை அவர் சொல்லவில்லை. இடம், காலம், செயல் என்ற மூன்று ஒருமைகளும் விதியாக இறுகியது 1570-இல் இத்தாலியர் காஸ்தெல்வெத்ரோவின் உரையோடு. ஏறி இறங்கும் ஐந்து கட்ட முக்கோணம் 1863-இல் ஜெர்மானியர் குஸ்தாவ் ஃப்ரைட்டாக் வரைந்தது. மூல நூலை ஒருமுறை நேராகப் படித்துவிடுவது நல்லது.

2007-இல் ஃபிரெஞ்சு அறிஞர் ஃப்ளோரன்ஸ் துபோன், அரிஸ்டாட்டில்தான் மேலை அரங்கின் ரத்தத்தை உறிஞ்சியவர் என்று ஒரு நூலே எழுதினார். விழாவையும் இசையையும் கழித்துவிட்டு, அரங்கை வாசிக்கும் பிரதியாக ஆக்கிவிட்டார் என்பது அவர் வாதம். தலைப்பிலேயே கோபம் தெரியும் நூல். ஆனால் கோரஸைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி என்றே நினைக்கிறேன்.

## இரண்டாவது வழி: பிரெக்ட், காவிய அரங்கு

பார்வையாளரை உணர்ச்சியில் மூழ்கவிடாமல் யோசிக்க வைப்பதே பிரெக்டின் காவிய அரங்கு. அவர் 1948 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் ‘ஆன்டிகனி’யை மேடையேற்றினார். நாடுகடந்த வாழ்க்கை முடிந்து அவர் ஐரோப்பா திரும்பியிருந்த நேரம். ஆன்டிகனியாக ஹெலனே வைகல். அப்போது அவருக்கு 47 வயது. மேடையமைப்பு காஸ்பர் நேஹர். பிரதிக்கு அடிப்படை, கவிஞர் ஹோல்டர்லின் 1804-இல் வெளியிட்ட விசித்திரமான, அடர்த்தியான ஜெர்மன் மொழிபெயர்ப்பு. ஒத்திகையையும் மேடையையும் படங்களோடு பதிவு செய்து, அடுத்த ஆண்டே ‘ஆன்டிகனி மாதிரி 1948’ என்று புத்தகமாக்கினார்கள். நான்கு வழிகளிலும் நடைமுறைக்கு இவ்வளவு உதவும் ஆவணம் வேறெதற்கும் கிடையாது.

அவர் செய்த மாற்றங்கள் பெரியவை. தீப்ஸ் இப்போது ஆர்கோஸ் நகரத்தின் இரும்புச் சுரங்கங்களுக்காகப் படையெடுக்கிறது. பாலினைசிஸ் எதிரிப் படையோடு வந்தவன் அல்ல. சகோதரன் செத்ததைக் கண்டு போர்க்களத்தை விட்டு ஓடியவன், கிரெயோனால் கொல்லப்பட்டவன். டைரீசியஸ் தெய்வ வாக்குச் சொல்வதில்லை. நடப்பதைக் கவனித்து, அதிலிருந்து நாளை வரப்போவதை ஊகிக்கிறார். கோரஸ் முதியவர்கள் போரின் லாபத்தில் பங்கு எதிர்பார்ப்பவர்கள். முன்னால் ஒரு சிறு காட்சி, 1945 ஏப்ரலில் பெர்லினில்.

கோரஸுக்கு இங்கே கிடைக்கும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. அவர்களுக்கு ஒரு நலன் இருக்கிறது. அதனால் ஒரு நடத்தையும் இருக்கிறது. ‘மனிதனை விட விந்தையானது எதுவுமில்லை’ என்ற பொருளில் பாடும் புகழ்பெற்ற பாடலை, போரில் ஆதாயம் பார்ப்பவர்கள் பாடும்போது ஒவ்வொரு வரிக்கும் இன்னொரு பொருள் சேர்ந்துகொள்கிறது. ஆறேழு பேரை வைத்தே இதைச் செய்யலாம். 15 பேர் வேண்டியதில்லை.

அனுபவம் குறைந்த நடிகர்களுக்கு இந்த வழி தரும் ஒரு கருவியைத் தனியாகச் சொல்லவேண்டும். ஒத்திகையில் வசனங்களுக்கு நடுவே பேசுவதற்காக பிரெக்ட் பாலச் செய்யுள்கள் எழுதினார். ‘ஆன்டிகனி போய் மண்ணள்ளினாள்’ என்பதுபோல, நடிகர் தன் பாத்திரத்தின் செயலைப் படர்க்கையில் சொல்லிவிட்டு அப்புறம் அதைச் செய்யவேண்டும். இரண்டு வாரம் இப்படி ஒத்திகை பார்த்தால் ‘இந்த இடத்தில் நான் என்ன உணரவேண்டும்’ என்ற தவிப்பு குறைந்து, ‘இவள் என்ன செய்கிறாள்’ என்ற தெளிவு வரும். கூரில் நடிகர்கள் தங்கள் முறை வரும்வரை மேடையிலேயே நீள இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் குதிரை மண்டையோடுகள் மாட்டிய கம்பங்கள் நின்ற ஆடுகளம். நடிக்கும்போது மட்டும் அந்தக் களத்துக்குள் நுழைந்தார்கள். இதற்குப் பெரிய செலவில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். இருக்கையில் இருப்பவர் சோம்பல் முறித்தாலும் அரங்குக்குத் தெரியும்.

இனி மறைந்திருக்கும் செலவு. தெய்வங்கள் போய்விடுகின்றன. இறந்தவனைப் புதைப்பது ஏன் உயிரை விடப் பெரிது என்ற கேள்விக்கு சோஃபக்ளிஸ் வைத்த பதில், எழுதப்படாத தெய்வ நியதிகள். பிரெக்டின் பிரதியில் அந்த இடம் மெலிந்துவிடுகிறது. ஆன்டிகனி ஓர் அரசின் போரை எதிர்ப்பவளாகிறாள். உங்கள் ஊர்ப் பார்வையாளர் புதைக்கப்படாத உடலின் வலியை நேரடியாக அறிந்தவர்கள் என்றால், இரும்புச் சுரங்கக் கணக்கு அவர்களை நாடகத்திலிருந்து விலக்கவும் கூடும். அப்படிப்பட்ட இடத்தில் இதை யோசித்துத்தான் எடுக்கவேண்டும்.

இன்னொரு செலவு, அவசர ஒப்புமை. ஆன்டிகனியை ஹிட்லர் எதிர்ப்பாளர்களின் உருவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பிரெக்டே தன் முன்னுரையில் எச்சரித்தார். கிரெயோனுக்கு இன்றைய அரசியல்வாதி ஒருவரின் உடையை மாட்டிவிட்டால் பார்வையாளர் பத்து நிமிடத்தில் விடையைக் கண்டுபிடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். யோசிக்க வைக்கும் அரங்கு என்று தொடங்கியது, யோசிக்க ஏதுமில்லாததாக முடியும்.

பழமை பற்றி பிரெக்ட் சொல்வது அடக்கமானது. கிரேக்க நாடகத்தில் கோரஸ் பாடல்கள் கதையை வெட்டி நிறுத்தும் இடங்கள், பார்வையாளருக்குத் தீர்ப்பளிக்கும் சுதந்திரத்தைக் கொஞ்சமாவது காப்பாற்றின என்கிறார். சடங்கிலிருந்து பிறந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. சடங்கை விட்டு வெளியே வந்ததால்தான் அது அரங்கானது என்று அதே 1948-இல் எழுதிய ‘சிறு நெறிநூ’லில் சொல்கிறார். அடுத்த வழிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

## மூன்றாவது வழி: ஆர்த்தோ, குரோட்டோவ்ஸ்கி, சடங்கு

நீட்சே 1872-இல் துன்பியல் இசையிலிருந்தும் டயோனிசஸின் கோரஸிலிருந்தும் பிறந்தது என்று எழுதியதிலிருந்து இந்த வழி தொடங்குகிறது. ஆர்த்தோ 1931-இல் பாரிஸ் காலனியக் கண்காட்சியில் பாலித் தீவு நடனக்காரர்களைப் பார்த்தார். சொல்லுக்கு அடிமையான ஐரோப்பிய அரங்குக்கு மாற்று அங்கே இருப்பதாக உணர்ந்து எழுதியவற்றை 1938-இல் நூலாக்கினார். போலந்தில் குரோட்டோவ்ஸ்கி, ஒளி, ஒப்பனை, மேடைப் பொருள் எல்லாவற்றையும் கழித்துவிட்டு நடிகரின் உடலும் பார்வையாளரும் மட்டும் எஞ்சும் அரங்கை 1960-களில் உருவாக்கினார். 1977-இல் தொடங்கிய போலந்துக் குழு கார்ட்ஸியெனிட்ஸே பழைய கிரேக்க இசைத் துணுக்குகளிலிருந்தும் குடுவை ஓவியங்களின் அசைவுகளிலிருந்தும் வேலை செய்கிறது. கிரேக்கத்தின் தியோடோரஸ் தெர்சோபூலோஸ் 1985-இல் ஆட்டிஸ் அரங்கைத் தொடங்கி, அடுத்த ஆண்டு யூரிபிடிஸின் ‘பாக்கே’யைப் போட்டார். மூச்சிலும் களைப்பிலும் உடலை எல்லைக்குக் கொண்டுபோகும் முறை அவருடையது. அவர் பெர்லினில் பிரெக்டின் குழுவில் பயின்றவர் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கோரஸுக்கு இந்த வழி தருவது உடல். ஒரே மூச்சில் நகரும் பத்துப் பதினைந்து உடல்கள் மேடையில் நின்றால் ஆன்டிகனியின் ஒப்பாரிக்கு வேறு எந்த வழியும் தரமுடியாத கனம் வரும்.

ஆனால் இதற்கு ஆண்டுகள் வேண்டும். மூன்று மாத ஒத்திகையில் இந்த வழியைத் தொடும் குழுக்கள் பெரும்பாலும் கத்தலையும் உருளலையும் மட்டுமே அடைகின்றன. குரல்நாண் பாதிப்பு, முட்டிக் காயம் உண்மையான ஆபத்துகள். பயிற்சி தெரிந்தவர் கூட இல்லாமல் தொடவே கூடாது. பார்வையாளர் எண்ணிக்கையும் சிறியது. குரோட்டோவ்ஸ்கியின் அரங்கில் சில டஜன் பேரே உட்கார முடிந்தது. டிக்கெட் வசூலை நம்பும் குழுவுக்கு இது கட்டுப்படியாகாது.

இன்னொரு செலவைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை: யாருடைய சடங்கு? ஆர்த்தோ பாலி நடனத்தைப் பற்றி எழுதியது பாலி மக்கள் அறிந்த பாலி நடனம் அல்ல. பொறுமையாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இயக்குநர் அரியான் ம்னூஷ்கின் சான்று. அவருடைய பாரிஸ் குழு தெயாத்ர் து சொலெய் 1990 முதல் 1992 வரை அட்ரியஸ் வம்சக் கதையை நான்கு நாடகங்களாகப் போட்டபோது, கோரஸின் ஒப்பனைக்கும் ஆட்டத்துக்கும் கதகளியிலிருந்தும் பரதநாட்டியத்திலிருந்தும் தூண்டுதல் பெற்றது. அதே குழு 2016-இல் அரங்கேற்றிய ‘இந்தியாவில் ஓர் அறை’க்காகத் தெருக்கூத்தைப் புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரானிடமே கற்றுக்கொண்டது. ஆசிரியரிடம் போய் உட்கார்ந்து கற்பதற்கான காலத்தையும் பணத்தையும் ஒதுக்க முடியாத குழு இந்த வழியை எடுக்காமலிருப்பதே மரியாதை.

துன்பியல் பலிச் சடங்கிலிருந்து வந்தது என்பதை நிரூபிக்கப்பட்ட வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்கவியல் அறிஞர்கள் ஜேன் ஹாரிசனும் கில்பர்ட் மரேயும் ஒவ்வொரு துன்பியலுக்குள்ளும் ஓர் ஆண்டுத் தெய்வத்தின் சாவும் உயிர்ப்பும் ஒளிந்திருப்பதாகச் சொன்னார்கள். 1927-இல் இன்னோர் அறிஞர் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் அந்தச் சான்றுகளைக் கூர்ந்து பார்த்துப் பெரும்பகுதியை மறுத்தார். ஒத்திகைக்கு ஊக்கம் தரும் கற்பனையாக அது இன்றும் பயன்படும். விளம்பரத் தாளில் உண்மை என்று எழுதினால்தான் பிரச்சினை.

## நான்காவது வழி: லேமன், பின்நாடக அரங்கு

லேமனின் ‘பின்நாடக அரங்கு’ 1999-இல் வந்தது. பாத்திரம், கதை, மோதல் என்று பிரதி எல்லாவற்றையும் ஆளும் அரங்கு, ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து சில நூற்றாண்டுகள் இருந்த ஒரு வடிவம் மட்டுமே; 1970-களிலிருந்து அது ஒரே மையமாக இல்லை என்பது அவர் வாதம். ஒரே நேரத்தில் பல நிகழ்வுகள், கோர்வையற்ற அடுக்கு, மேடைக்குள் நுழையும் நிஜம் ஆகியவை இதன் அடையாளங்கள். பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. இதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1991-இல், லேமன் கிரேக்கத் துன்பியல் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அதில் கிரேக்க அரங்கை நாடகத்துக்கு முந்தைய அரங்காகப் பார்க்கிறார். மூன்று நடிகர், முகமூடி, பாடும் கூட்டம் என்றிருந்த அந்த அரங்கில் நாம் நினைக்கும் உளவியல் பாத்திரமே கிடையாது என்பார். ஆகவே மிகப் புதியது என்று பேர் வாங்கிய இந்தக் கோட்பாடு, மிகப் பழையதைப் படித்த ஒருவரிடமிருந்து வந்தது.

இந்த வழியில் கோரஸ் நடுவுக்கு வருகிறது. ஜெர்மன் இயக்குநர் ஐனார் ஷ்லேஃப் 1986-இல் ஃபிராங்ஃபர்ட்டில் ‘தாய்மார்’ நாடகத்தைப் போட்டார். ஆன்டிகனியின் சகோதரர்கள் ஒருவரையொருவர் கொல்லும் எஸ்கிலஸின் நாடகத்தையும், மகன்களின் உடல்களைக் கேட்டு மன்றாடும் தாய்மாரைப் பற்றிய யூரிபிடிஸின் நாடகத்தையும் இணைத்து, பெரும் பெண் கோரஸை வைத்துச் செய்த வேலை அது. 1998-இல் வியன்னாவில் ஆஸ்திரிய எழுத்தாளர் எல்ஃப்ரீடே யெலினெக்கின் பிரதியை அவர் இயக்கியபோது, கோரஸ் நீண்ட நேரம் ஒரே உடற்பயிற்சி அசைவைச் செய்துகொண்டே ஒரே குரலில் பேசியது. இன்னொரு கிளை, தொழில்முறை நடிகர் அல்லாதவர்களை மேடையேற்றுவது: 2010-இல் ரிமினி புரோட்டோகோல் என்ற ஜெர்மன் குழு ஏதென்ஸின் பழைய ஹெரோடஸ் அட்டிகஸ் அரங்கில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரவாசிகளை வைத்து ‘ஏதென்ஸில் புரொமீதியஸ்’ நிகழ்த்தியது.

‘ஆன்டிகனி’க்கு நேரடி எடுத்துக்காட்டு சுவிஸ் இயக்குநர் மிலோ ராவ். பெல்ஜியத்தின் கென்ட் நகர அரங்கின் பொறுப்பேற்றபோது, 2018-இல், பத்து விதிகள் கொண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டார். செவ்வியல் நாடகத்தை அப்படியே போடுவதற்குத் தடை; மூலப் பிரதி மொத்த நேரத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒத்திகையில் கால் பங்காவது அரங்குக்கு வெளியே. மேடையில் குறைந்தது இரண்டு மொழிகள். நடிகர்களில் குறைந்தது இருவர் தொழில்முறையினர் அல்லாதவர். மேடைப் பொருட்கள் மொத்தம் 20 கன மீட்டருக்குள். பிறகு, 2023-இல், ‘அமேசானில் ஆன்டிகனி’. பிரேசிலின் நிலமற்றோர் இயக்கத்தினரோடு பாரா மாநிலத்தில் வேலை செய்து, 1996-இல் எல்டொராடோ தோஸ் கராஜாஸில் நிலம் கேட்டு ஊர்வலம் போனவர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்ற நிகழ்வை அந்தச் சாலையிலேயே மீண்டும் நடித்துப் படமாக்கினார். தப்பிப் பிழைத்தவர்களும் அவர்களது மக்களும்தான் கோரஸ். மேடையில் இருந்தவர்கள் நான்கே பேர், கோரஸ் திரையில்.

இதைப் படித்ததும் ‘நமக்கும் இதுதான்’ என்று தோன்றும். செலவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நிஜ மனிதர்களின் துயரத்தைக் கேட்டு வாங்கி மேடையில் வைக்கும்போது, அவர்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற உரிமையை முதல் நாளே தரவேண்டும். விலகினால் நாடகம் நிற்கவும் வேண்டும். பயணம், மொழிபெயர்ப்பு, ஒளிப்பதிவு எல்லாம் மேடைச் செலவை விடப் பெரிதாகும். நாடகம் முடிந்தபின் அவர்களோடு உறவு எப்படித் தொடரும் என்பதையும் முன்பே பேசிவிடவேண்டும். ஷ்லேஃப் வழிக் கோரஸ் என்றால் பணம் குறைவு, உழைப்பு அதிகம்: இருபது பேர் ஒரே இடத்தில் மூச்செடுத்து ஒரே அசையில் வெட்டிப் பேசுவதற்குத் தினசரிப் பயிற்சி வேண்டும், ஒருவர் வராவிட்டாலும் அன்றைய பயிற்சி குலையும். இரண்டிலும் பொதுவான ஆபத்து, கதை தெரியாத பார்வையாளர். ஜெர்மன் அரங்கில் ‘ஆன்டிகனி’யைப் பள்ளியில் படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் அவர்கள் பிரதியை ஐந்தில் ஒன்றாகக் குறைக்க முடிகிறது.

## ஒரே பார்வையில்

| | அரிஸ்டாட்டில் | பிரெக்ட் | சடங்கு | பின்நாடகம் |
|---|---|---|---|---|
| கோரஸ் | சுருங்கும் | நலன் உள்ள ஒரு தரப்பு | ஒரே உடல் | மையம், அல்லது நிஜ மக்கள் |
| நடிகரிடம் கேட்பது | வசனம், உணர்ச்சி வளர்ச்சி | தெளிவு, ஒழுங்கு | நீண்ட உடற்பயிற்சி | கூட்டுக் குரல், அல்லது தன் வாழ்க்கை |
| ஒத்திகை | 2–3 மாதம் | 3–4 மாதம் | ஓராண்டுக்கு மேல் | 6 மாதம் முதல் |
| கதை தெரியாத அரங்கு | பொருந்தும் | பொருந்தும் | ஓரளவு | கடினம் |
| மறைந்த செலவு | ஒப்பாரி போய்விடும் | தெய்வங்கள் போய்விடும் | காயம், கடன் வாங்கிய சடங்கு | அறப் பொறுப்பு, பயணம் |

ஒத்திகைக் காலம் என் மதிப்பீடு. வாரம் மூன்று நான்கு நாள் மாலையில் கூடும் குழுவை மனதில் வைத்துச் சொன்னது.

## எந்த நிலைமையில் எது

கல்லூரிக் குழு, ஒரு பருவம்தான் காலம், பார்வையாளரில் பாதிப் பேர் கிரேக்க நாடகமே பார்த்ததில்லை என்றால் பிரெக்ட். முதல் முறை செய்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். கதையும் புரியும், கோரஸும் பிழைக்கும், கற்றுக்கொள்ளக் கையேடும் உண்டு.

வலுவான இரு நடிகர்கள் கிடைத்து, கூட்டமாகப் பயிற்சி செய்ய ஆள் சேராத குழுவுக்கு அரிஸ்டாட்டில் வழி. அப்போதும் ஆன்டிகனியின் ஒப்பாரிக்கு மட்டுமாவது பாடத் தெரிந்த நான்கைந்து பேரைக் கூட்டி வாருங்கள்.

ஏற்கனவே பல ஆண்டுகளாக ஒன்றாகப் பயிலும் குழு, தன் சொந்த மரபில் ஆழமாகக் கற்ற குழு, சடங்கு வழியை எடுக்கலாம். வேறு யாரும் வேண்டாம்.

சொல்லவேண்டிய நிஜ நிகழ்வு ஒன்று கையில் இருந்து, அந்த மக்களே உங்களோடு வேலை செய்ய முன்வந்திருந்தால் பின்நாடக வழி. நாடகத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குப் பொருத்தமான துயரத்தை அப்புறம் தேடிப் போகாதீர்கள்.

கலக்கலாமா? கலக்கலாம். 1967-இல் அமெரிக்கக் குழு லிவிங் தியேட்டர் ஜெர்மனியின் கிரெஃபெல்டில் அரங்கேற்றிய ‘ஆன்டிகனி’, பிரெக்டின் பிரதியை ஆர்த்தோவின் உடல்மொழியோடு சேர்த்தது. ஜூடித் மலினா ஆன்டிகனி, ஜூலியன் பெக் கிரெயோன். அந்தக் குழு அதற்குள் இருபது ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்திருந்தது என்பதை மறக்கவேண்டாம். அரிஸ்டாட்டிலின் உணர்ச்சி வளர்ச்சியையும் ஷ்லேஃபின் பெருங்கோரஸையும் ஒரே நாடகத்தில் வைத்தால், ஒன்று மற்றதை விழுங்கிவிடும்.

## பிரதியும் உரிமையும்

சோஃபக்ளிஸுக்கு உரிமைத்தொகை கிடையாது, ஆனால் அவரைத் தமிழாக்கியவருக்கு உண்டு. அனுமதி கேட்காமல் ஒத்திகை தொடங்காதீர்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும் என்பதால், 1956-இல் இறந்த பிரெக்டின் ஜெர்மன் மூலத்துக்கு 2016-ஓடு அது முடிந்தது. இலங்கையிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 70 ஆண்டு. அங்கே 2026 முடியும்வரை அனுமதி வேண்டும். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் அந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. ஃபிரெஞ்சு நாடகாசிரியர் ஆனூயின் 1944 ‘ஆன்டிகனி’யை சோஃபக்ளிஸ் என்று நினைத்து எடுத்துவிடும் குழுக்கள் உண்டு, அவர் இறந்தது 1987-இல், உரிமை இன்னும் நடப்பில் இருக்கிறது.

இன்னும் முடிவாகவில்லை என்றால், ஒரு மாலை ஒதுக்கி மனிதனைப் பற்றிய அந்தக் கோரஸ் பாடலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒருவர் கதையின் ஒரு கட்டமாகப் பேசட்டும். அடுத்து ஐந்து பேர், போரில் பங்குகொண்ட வியாபாரிகளாக, பாலச் செய்யுள் சேர்த்துச் சொல்லட்டும். மூன்றாவது முறை சொல்லே இல்லாமல் மூச்சும் காலடியும் மட்டும். கடைசியாக எல்லோரும் ஒரே குரலில், ஒரு அசையும் பிசகாமல். குழுவில் நடிக்காத இருவர் எதிரே உட்கார்ந்து, எந்த முறையில் வரிகள் காதில் விழுந்தன என்று எழுதட்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு மறுநாள் பாத்திரங்களைப் பிரிக்கத் தொடங்கலாம்.